சத்தம் கூடிய, பாரம் குறைந்த பேஸ் கொம்போ: தவிர்க்க வேண்டிய தவறுகள்

கோயில் திருவிழா, கல்யாண மண்டபம், தேவாலயப் பெருநாள் என்று யாழ்ப்பாணத்தில் இப்போது இளம் இசைக்குழுக்களுக்குக் குறைவில்லை. பேஸ் கிற்றார் வாசிக்கிற பிள்ளைகள் நன்றாகவே வாசிக்கிறார்கள். ஆனால் அம்ப், அதிலும் அம்பும் ஸ்பீக்கரும் ஒரே பெட்டியில் உள்ள கொம்போ, வாங்கப் போனால், எங்கள் தலைமுறை விட்ட பிழைகளையே திரும்பவும் விடுகிறார்கள். மழையில் நனையவிடாதே, வயரைப் பிடித்து இழுக்காதே என்பதெல்லாம் யாருக்கும் தெரியும். காசைக் கரைக்கிற பிழைகளை மட்டும் சொல்கிறேன்.

வாட் எண்ணை மட்டும் பார்த்து வாங்குவது

எனக்கு இன்றைக்கும் எரிச்சல் தருகிற பிழை இதுதான்.

தெரிந்த தம்பி ஒருவர் கொழும்புக்குப் போய் ஒரு கொம்போ வாங்கிவந்தார். ஒரு கையால் தூக்கலாம், ஓட்டோவில் காலடியில் வைத்துக் கொண்டுபோகலாம். "அண்ணை, 500 வாட் எண்டு போட்டிருக்கு" என்று சந்தோசமாகக் காட்டினார். கோயில் வீதியில் முதல் கச்சேரி. ட்ரம்ஸும் இரண்டு கீபோர்ட்டும் தொடங்கியதும் பேஸைத் தேட வேண்டியிருந்தது. இடைவேளையில் அம்பின் பின்பக்கத்தைப் பார்த்தேன். 500 வாட், 4 ஓம் என்று எழுதியிருந்தது. உள்ளே இருந்த ஸ்பீக்கர் 8 ஓம்.

ஓம் என்பது ஸ்பீக்கர் மின்னோட்டத்துக்குக் காட்டுகிற தடை. அது கூடினால் அம்ப் கொடுக்கிற வலு குறையும். 4 ஓமில் 500 வாட் தருகிற அம்ப், 8 ஓமில் 300 வாட் அளவில்தான் தரும். மார்க்பாஸ் கம்பனியின் 12 அங்குலக் கொம்போக்கள் சிலவும் அப்படித்தான்: தனியே 300, இன்னொரு 8 ஓம் பெட்டியைக் கொளுவினால் 500. விபரத்தாளில் இது தெளிவாகவே இருக்கும். கடையில் பெரிய எண்ணைச் சொல்வார்கள், வாங்குபவரும் அதோடு நின்றுவிடுவார்.

சரி, அந்த 200 வாட் இருந்திருந்தால் பேஸ் கேட்டிருக்குமா? இல்லை. 300க்கும் 500க்கும் இடையில் உள்ளது 2 டெசிபலுக்குச் சற்று மேல். வாட்டை இரட்டித்தால் கிடைப்பதே 3 டெசிபல். காதுக்கு இரண்டு மடங்கு சத்தமாகக் கேட்க, வாட் ஏறக்குறைய 10 மடங்காக வேண்டும். அதனால் முதலில் பார்க்க வேண்டியது ஸ்பீக்கரின் சென்சிடிவிட்டி. 1 வாட் கொடுத்து 1 மீற்றர் தள்ளி அளக்கிற டெசிபல் அது. 97 டெசிபல் ஸ்பீக்கர் 200 வாட்டில் தருகிற சத்தத்தை, 94 டெசிபல் ஸ்பீக்கர் தருவதற்கு 400 வாட் வேண்டும். ஸ்பீக்கர் கூம்பின் பரப்பும் பெட்டியின் கொள்ளளவும் அடுத்தது. பெட்டியைச் சுருக்கிப் பாரம் குறைத்த கொம்போவை விட்டுவிடுங்கள். கிளாஸ் டி அம்ப், இரும்பு ட்ரான்ஸ்போமருக்குப் பதிலாகச் சுவிட்சிங் பவர் சப்ளை, நியோடிமியம் காந்தம் போட்ட ஸ்பீக்கர், இவற்றால் பாரம் குறைந்ததைத் தேடுங்கள். 1969 இல் அம்பெக் கம்பனியின் எஸ்விரி என்ற பேஸ் அம்ப் 300 வாட்டோடு வந்தபோது அதைத் தூக்க ஆள் பிடிக்க வேண்டியிருந்தது. இன்று அதே 300 வாட்டை 13 கிலோ அளவிலான கொம்போவில் வாங்கலாம்.

தம்பியின் கதை அதோடு முடியவில்லை. சத்தம் போதாதென்று ஒருவரிடம் 4 ஓம் பெட்டி இரவல் வாங்கிக் கொளுவினார். 8 ஓமும் 4 ஓமும் சமாந்தரமாகச் சேர்ந்தால் 2.67 ஓம். அந்த அம்ப் தாங்குவது குறைந்தது 4 ஓம். பாட்டின் நடுவில் நின்றது. ஆறவிட்டுப் போட்டார், திரும்பவும் நின்றது, அப்புறம் எழும்பவேயில்லை. பழைய அம்ப் என்றால் ஊரில் றேடியோ திருத்துகிறவரே பார்த்துவிடுவார். இதில் பொடிப்பொடிப் பாகங்களை நெருக்கி ஒட்டிய போர்ட். முழுப் போர்ட்டையும் மாற்ற வேண்டும் என்றார்கள். விலையைக் கேட்டவர் பேசாமல் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்.

காசைக் கொடுக்க முன் கேளுங்கள்: உள்ளே உள்ள ஸ்பீக்கர் எத்தனை ஓம்? அந்த ஓமில் எத்தனை வாட்? வெளிப்பெட்டி கொளுவ இடமிருக்கிறதா, இருந்தால் குறைந்தது எத்தனை ஓம்? 8 ஓம் கொம்போவோடு அதே மாதிரி 8 ஓம் பெட்டி ஒன்றைச் சேர்த்தால் சரியாக 4 ஓம். வாட்டும் கூடும், கூம்பின் பரப்பும் இரட்டிக்கும், எல்லாமாக 5 டெசிபல் அளவில் ஏறும். மண்டபத்துக்குக் கொம்போ மட்டும், வெளிமேடைக்கு இரண்டும். நான் யார் கேட்டாலும் சொல்வது இந்த வழியைத்தான்.

வீட்டு அறையில் இனித்த சத்தத்தை மேடைக்குக் கொண்டுபோவது

தனியாக வாசிக்கும்போது பேஸ் திருகியை ஏற்றி, நடுச்சுரங்களுக்கான மிட் திருகியைக் குறைத்தால் இனிமையாக இருக்கும். குழுவோடு சேர்ந்ததும் அது காணாமல் போகும். தடித்த ஈ தந்தியின் அடிச்சுரம் 41 ஹேர்ட்ஸ். சின்னப் பெட்டி அதை முழுதாகத் தராது, மேற்சுரங்களை வைத்துக் காதுதான் அதை நிரப்பிக்கொள்கிறது. பேஸை 6 டெசிபல் ஏற்றினால் அந்த இடத்தில் 4 மடங்கு வலு தேவைப்படும். உடனே, அளவு மீறாமல் தடுக்கிற லிமிட்டர் பிடிக்கும், மொத்தச் சத்தமும் அமுங்கும். பேஸை நடுவில் விட்டு மிட்டை ஏற்றிப் பாருங்கள்.

கனடாவிலிருந்து வந்த 120 வோல்ட்

மாமாவோ சித்தப்பாவோ ஆசையாகக் கொண்டுவந்து தருவார்கள். அங்கே 120 வோல்ட், இங்கே 230. பிளக்கை மட்டும் மாற்றிக் கொளுவினால் கதை முடிந்தது. பின்பக்க லேபலில் 100–240 என்றிருந்தால் பயமில்லை. சிலதில் மாற்றுகிற சுவிட்ச் இருக்கும். 120 மட்டும் என்றால் ஸ்டெப்டவுன் ட்ரான்ஸ்போமர் வேண்டும், லேசான அம்ப் வாங்கியதால் மிச்சமான பாரம் அதிலேயே திரும்பி வந்துவிடும். அனுப்ப முன்பே லேபலைப் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள்.

டிஐ அவுட் இல்லாத கொம்போ

டிஐ அவுட் என்பது பேஸை நேரே மேடை மிக்ஸருக்கு அனுப்புகிற இணைப்பு. அது இல்லாதது வேண்டாம்.

கிற்றார் அம்பில் பேஸ் வாசிப்பது

சத்தத்தை ஏற்றினால் ஸ்பீக்கர் கிழியும்.

கடையில் தனியாக இருந்து சோதிப்பது

அமைதியான கடையில் எந்த அம்பும் நல்ல அம்ப்தான். முடிந்தால் ட்ரம்ஸ்காரரையும் கூட்டிக்கொண்டு போங்கள், அல்லது ஒரு ஒத்திகைக்குத் தரச் சொல்லிக் கேளுங்கள். அவர் வழக்கமாக அடிக்கிற பலத்தோடு அடிக்கட்டும். நீங்கள் அம்புக்கு முன்னால் நாலைந்து மீற்றர் தள்ளி நின்று வாசியுங்கள், காலடியில் நின்றால் உங்கள் பேஸ் உங்களுக்கே சரியாகக் கேட்காது. வொலியூம் பாதியைத் தாண்ட முன்பே மூச்சு வாங்குகிறதென்றால், விலை எவ்வளவு மலிவாக இருந்தாலும் விட்டுவிட்டு வாருங்கள்.