டயோஸ்மின்–ஹெஸ்பெரிடின் மாத்திரையை மூலத்துக்கும் வெரிகோஸ் வெயினுக்கும் உட்கொள்ளும் முறை

மூலமும், காலில் சிரை எனும் இரத்தக் குழாய் சுருண்டு புடைக்கும் வெரிகோஸ் வெயினும் வெவ்வேறு நோய்கள் என்றாலும், இரண்டிலும் சிரைகள் விரிந்து இரத்தம் தேங்குவதால், டயோஸ்மினும் ஹெஸ்பெரிடினும் சேர்ந்த ஒரே மாத்திரையை மருத்துவர்கள் இரண்டுக்கும் எழுதித் தருகின்றனர். ஆரஞ்சு, எலுமிச்சை இனக் கனிகளிலிருந்து பெறப்படும் இப்பொருள்கள் சிரைச் சுவருக்கு இறுக்கம் கொடுத்து, நுண்குழாய்களிலிருந்து நீர் கசிவதைக் குறைக்கின்றன. மருந்து ஒன்றுதான், உட்கொள்ளும் கணக்கு இரண்டு.

முதலில் அட்டையின் பின்புறத்தைப் படியுங்கள். 500 மி.கி. மாத்திரையில் டயோஸ்மின் 450, ஹெஸ்பெரிடின் 50 மி.கி. என்றிருக்கும்; 1000 மி.கி. மாத்திரையில் இவை இருமடங்கு. இதைப் பாராமல், பிறர் சொன்ன எண்ணிக்கையை அப்படியே பின்பற்றக் கூடாது.

மூலம் திடீரென வீங்கி வலிக்கும்போது, 500 மி.கி. மாத்திரையை முதல் 4 நாட்களுக்கு நாளொன்றுக்கு 6 வீதமும், அடுத்த 3 நாட்களுக்கு 4 வீதமும், வேளைக்குச் சமமாகப் பிரித்து உணவோடு உட்கொள்வது வழக்கமான முறை. ஆறு மாத்திரையா என்று மிரண்டு ஒன்றிரண்டோடு நிறுத்திக்கொள்வோர், பிறகு மருந்து கேட்கவில்லை என்று குறைகூறுவதுண்டு. தொடக்கத்தில் அளவைக் கூட்டிப் பிறகு இறக்குவதே இம்முறையின் சாரம். மலச்சிக்கல் தீராமல், கழிப்பறையில் நெடுநேரம் முக்கிக்கொண்டிருந்தால் மூலம் மீண்டும் தலைதூக்கும். ஆகவே நார்ச்சத்தும் தண்ணீரும் மாத்திரைக்கு நிகரானவை.

கால் சிரைகளுக்கு அவசரம் உதவாது. நாளொன்றுக்கு 1000 மி.கி. வீதம், குறைந்தது இரண்டு மாதமாவது தொடர வேண்டியிருக்கும். கால் கனப்பும், மாலை வீக்கமும், கடுகடுப்பும் தணியக்கூடும். ஏற்கெனவே புடைத்துச் சுருண்ட சிரை மறையாது. மருத்துவர் அழுத்தக் காலுறை பரிந்துரைத்திருந்தால், கால் வீங்கிய பின் போராடி ஏற்றுவதை விட, காலையில் படுக்கையை விட்டு எழுமுன்பே, கால் வற்றியிருக்கும்போது அணிவது எளிது.

வயிற்றுப்போக்கு, குமட்டல், அஜீரணம் ஆகியவை சிலருக்கு ஏற்படலாம். வெறும் வயிற்றில் விழுங்காதிருப்பது நல்லது. கர்ப்பிணிகளும், பாலூட்டும் தாய்மாரும், இரத்தம் உறையாதிருக்க மருந்து உட்கொள்வோரும் மருத்துவரைக் கேட்காமல் தொடங்கக் கூடாது. ஒரு வேளை தவறினால் அடுத்த வேளைக்கு இரட்டிப்பாக்க வேண்டாம்.

மலத்தில் இரத்தம் கண்டால் மூலம்தான் என்று தாமாகவே முடிவுகட்டிக்கொண்டு மாத்திரையைத் தொடர்வது ஆபத்தானது. பெருங்குடல் புற்றுநோயும் அப்படியே தொடங்கலாம். ஒரு கால் மட்டும் திடீரென வீங்கி, சூடேறி வலித்தால் அது ஆழ்சிரையில் இரத்தம் உறைந்ததாக இருக்கலாம். அதற்கு இம்மாத்திரை மருந்தன்று, அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். மூச்சுத் திணறலும் சேர்ந்தால் ஒரு நிமிடமும் தாமதிக்கக் கூடாது.