மனித உரிமை டிரஸ்ட் பத்திரம்: நான் செய்த தவறு உங்களுக்கு வேண்டாம்

போன வாரம் இரண்டு இளம் வழக்கறிஞர்கள் டிரஸ்ட் பத்திர வரைவோடு வந்தார்கள். நோக்கங்கள் என்ற இடத்தில் ஒரே வரி: 'மனித உரிமைகளை மேம்படுத்துதல், அது சார்ந்த அனைத்தும்.' பல வருடங்களுக்கு முன் நான் எழுதிய அதே வரி.

எல்லாவற்றையும் ஒரே வரியில் அடைப்பது

வருமான வரிச் சட்டம் ஏழைகளுக்கு உதவி, கல்வி, மருத்துவம், சுற்றுச்சூழல் என்று அறப்பணிகளைப் பட்டியலிடுகிறது. யோகாவைக்கூட 2015-ல் பெயர் சொல்லிச் சேர்த்தார்கள். மனித உரிமை அதில் இல்லை. 'பொதுமக்களுக்குப் பயன்படும் பிற நோக்கம்' என்ற கடைசித் தலைப்பில்தான் அதற்கு இடம். அங்கே ஒரு பூட்டு உண்டு: வணிகமாக வரும் வரவு மொத்த வரவில் 20 சதவீதத்தைத் தாண்டினால் அந்த வருட வரிவிலக்கு போச்சு.

நான் பத்திரம் எழுதிக் கொடுத்த அமைப்பு, செங்கல் சூளைகளில் கொத்தடிமையாகக் கிடந்த குடும்பங்களை மீட்டது. விடுதலைச் சான்று வாங்கித் தருவது முதல் பிள்ளைகளைப் பள்ளியில் சேர்ப்பது வரை பார்த்தது. ஏழைகளுக்கு உதவி இல்லாமல் இது வேறென்ன? அந்தத் தலைப்புக்கு 20 சதவீத வரம்பே கிடையாது. நான்தான் அப்படி எழுதவில்லை.

ஒரு வருடம் கம்பெனிகளுக்குப் பயிற்சி நடத்தியதில் 4 லட்சம் வந்தது. மொத்த வரவே 11 லட்சம். வருமான வரி அதிகாரி பத்திரத்தில் நான் எழுதிய அந்த ஒற்றை வாக்கியத்தைப் பென்சிலால் வட்டமிட்டு, "நீங்களே இப்படித்தானே எழுதியிருக்கிறீர்கள்" என்றார். சூளையிலிருந்து வந்த குடும்பங்களுக்கு ஒதுக்கிய பணம் வரிக்குப் போனது. இன்றும் மனம் ஆறவில்லை.

இங்கிலாந்தில் 1980-களின் தொடக்கத்தில் மனித உரிமை அமைப்பான அம்னஸ்டியின் டிரஸ்ட்டை அரசியல் நோக்கம் என்று நீதிமன்றம் தள்ளியது. அதே நாடு 2006-ல் மனித உரிமையை அறப்பணிப் பட்டியலிலேயே சேர்த்தது. நம் சட்டமும் சேர்க்க வேண்டும். யோகாவுக்கு இருக்கும் இடம் கொத்தடிமை மீட்புக்கு ஏன் இல்லை?

அதுவரை, செய்யும் வேலை ஒவ்வொன்றையும் அதன் பெயரிலேயே எழுதுங்கள். பயிற்சிக் கட்டணம் செலவை ஒட்டியே இருக்கட்டும். செலவைவிடக் கணிசமாக வாங்கினால் அது வணிகம் என்று 2022-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

பெயரில் 'ஆணையம்'

வேண்டாம். அரசு அமைப்பு என்று மக்கள் ஏமாறுவார்கள்.

வெளிநாட்டு நன்கொடை

எஃப்.சி.ஆர்.ஏ. (வெளிநாட்டு நன்கொடையை ஒழுங்குபடுத்தும் சட்டம்) அனுமதி கைக்கு வரும்வரை ஒரு ரூபாய்கூடத் தொடாதீர்கள்.

திருத்திவிட்டுச் சும்மா இருப்பது

நோக்கங்களை மாற்றினால், 30 நாளுக்குள் வருமான வரித் துறையிடம் மறுபடி பதிவுக்கு விண்ணப்பிக்க வேண்டும்.