சிசேரியனுக்குப் பின் வரும் வலிக்கு மருந்தைக் கேட்டுப் பெறுவது எப்படி?

காசிமேட்டிலோ வியாசர்பாடியிலோ சிசேரியன் முடிந்த பெண் வலிக்கிறது என்று வாய் திறந்தால், உடன் இருக்கும் பெரியவர்களிடமிருந்து முதலில் வருவது "பொறுத்துக்கோம்மா, நாங்கல்லாம் பெத்துக்கலையா?" என்ற பதில்தான். ஆனால் இது வயிற்றையும் கருப்பையையும் திறந்து தைத்த பெரிய அறுவை சிகிச்சை. வலியை அடக்கிக்கொண்டு கிடப்பவர் ஆழமாக மூச்சு விடவும், எழுந்து நடக்கவும், பிள்ளையைத் தூக்கிப் பால் கொடுக்கவும் தயங்குவார். நடக்காமலே படுத்திருந்தால் காலில் இரத்தம் உறையும் ஆபத்தும் கூடும். ஆகவே வலிக்கு மருந்து கேட்பது சிகிச்சையின் ஒரு பகுதி என்பதை வீட்டார் முதலில் ஏற்க வேண்டும்.

ராயபுரம் ஆர்.எஸ்.ஆர்.எம். போன்ற அரசு மகப்பேறு மருத்துவமனையானாலும் தனியார் மருத்துவமனையானாலும், ஆபரேஷனுக்கு முன்பே மயக்க மருத்துவரிடம் சில செய்திகளைச் சொல்லிவிட வேண்டும். ஆஸ்துமா, அல்சர், சிறுநீரகக் கோளாறு, இரத்த அழுத்தம், ஏதேனும் மாத்திரை ஒவ்வாமை ஆகியவை இருந்தால், டைக்ளோஃபினாக் வகை வலி மருந்துகள் அவருக்குப் பொருந்தாமல் போகலாம். முதுகில் போட்ட ஊசியின் மரப்பு எப்போது விடும், அதற்குப் பின் எந்த மருந்து, எத்தனை மணி நேரத்துக்கு ஒரு முறை தருவார்கள் என்பதையும் அப்போதே கேட்டு, துணைக்கு வருபவர் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளட்டும்.

மரப்பு பெரும்பாலும் சில மணி நேரத்தில் விட்டுவிடும். வலி உச்சத்துக்குப் போன பிறகு மருந்து கேட்டால், அது வேலை செய்யும் வரை துடிக்க நேரிடும். காலில் உணர்வு திரும்பும்போதே நர்ஸிடம் சொல்வதுதான் சரி. "ரொம்ப வலிக்குது" என்று மட்டும் சொல்லாமல், பூஜ்யம் முதல் பத்து வரையிலான கணக்கில், "படுத்திருந்தால் மூன்று, திரும்பினால் எட்டு" என்று பிரித்துச் சொன்னால், மருந்தைக் கூட்டுவதா மாற்றுவதா என்று அவர்களால் தீர்மானிக்க முடியும். இரவுப் பணிக்கு ஆள் மாறும் நேரத்தில் ஒரு வேளை மருந்து தவறிவிடக் கூடும் என்பதால், அந்தத் தாளைப் பார்த்து நினைவூட்டுவதில் கூச்சம் தேவையில்லை.

மருந்தோடு உடம்பை அசைக்கும் முறையும் முக்கியம். நேராக நிமிர்ந்து எழ முயன்றால் தையல் சுண்டி இழுக்கும். முழங்கால்களை மடக்கி, தோளும் இடுப்பும் ஒன்றாக ஒருபக்கமாகப் புரண்டு, கால்களைக் கட்டிலுக்கு வெளியே தொங்கவிட்டு, கையை ஊன்றி எழ வேண்டும். இருமலோ தும்மலோ வரும்போது தலையணையையோ மடித்த புடவையையோ தையலின் மேல் அழுத்திப் பிடித்தால் வலி கணிசமாகக் குறையும். பால் கொடுக்கும்போது அடிவயிற்றைப் பிடித்து இழுப்பது கருப்பை சுருங்குவதால்தான். இரண்டாவது, மூன்றாவது பிரசவத்தில் இது அதிகமாகவே இருக்கும் என்பதால், மாத்திரை நேரத்தைப் பால் கொடுக்கும் நேரத்துக்குச் சற்று முன்பாக அமைக்க முடியுமா என்று கேளுங்கள்.

மாத்திரை பாலில் இறங்கிப் பிள்ளையைப் பாதிக்கும் என்ற அச்சத்தால் பலர் அதை முந்தானையில் முடிந்து வைத்துவிடுகிறார்கள். பாராசிட்டமால், இபுபுரூஃபன், டைக்ளோஃபினாக் ஆகியவை பால் கொடுக்கும் தாய்க்கு மருத்துவர் சொன்ன அளவில் பொதுவாகப் பாதுகாப்பானவை. கோடீன் என்ற வலி மருந்து கலந்தவை தவிர்க்கப்படுகின்றன. மெடிக்கல் ஷாப்பில் தாமாக வாங்கும் வலி மாத்திரைகள் பலவற்றில் பாராசிட்டமாலும் கலந்திருப்பதால், ஏற்கெனவே எடுப்பதோடு சேர்ந்து அளவு மீறிவிடும்.

வீட்டுக்கு அனுப்பும்போது சிகிச்சை திருப்தியா என்று கேட்டால், "எல்லாரும் நல்லா பாத்துக்கிட்டாங்க" என்பதோடு நிறுத்திவிடாதீர்கள். அன்பாகப் பார்த்துக்கொண்டது வேறு, வலி தணிந்தது வேறு. எந்த இரவு தாங்க முடியாமல் இருந்தது, கேட்டும் எவ்வளவு நேரம் காத்திருந்தீர்கள் என்பதைச் சொன்னால்தான் அடுத்த கட்டிலில் படுக்கப் போகும் பெண்ணுக்கு அது உதவும்.

வீடு திரும்பிய பின் வலி நாளுக்கு நாள் குறைய வேண்டும். குறைந்த வலி மீண்டும் ஏறினாலோ, 100.4 டிகிரிக்கு மேல் காய்ச்சல் அடித்தாலோ, தையலில் சீழ் வந்தாலோ, உதிரப்போக்கில் துர்நாற்றம் இருந்தாலோ, உட்கார்ந்தால் கூடி, படுத்தால் குறையும் தலைவலி வந்தாலோ உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தாலும் அன்றே காட்டிவிட வேண்டும். மூச்சுத் திணறலோ மார்பு வலியோ இருந்தால் 108-ஐ அழையுங்கள்.