பழைய செவர்லே கே10 பிக்கப்பை நான்கு அங்குலம் உயர்த்துவது எப்படி

ஜெனரல் மோட்டார்ஸ் 1973 மாடல் முதல் 1987 மாடல் வரை தயாரித்த நான்குசக்கர இயக்கம் கொண்ட செவர்லே கே வரிசை பிக்கப்புகளுக்கும் (கே10 அவற்றில் அரை டன் வகை), அவற்றின் உடன்பிறப்புகளான ஜிஎம்சி வண்டிகளுக்கும் அமெரிக்காவில் இன்றும் லிஃப்ட் கிட்கள் (வண்டியை உயர்த்தும் பாகத் தொகுப்புகள்) தாராளமாகக் கிடைக்கின்றன. முன்னும் பின்னும் குறுக்கே ஓடும் ஒரே ஆக்சில், நான்கு சக்கரங்களுக்கும் பட்டை ஸ்பிரிங், ஏணி போன்ற சேஸி என்று அதன் கட்டமைப்பு எளிமையாக இருப்பதால், பொறுமையும் நல்ல ஸ்பேனர்களும் உள்ள எவரும் இந்த வேலையை வீட்டு முற்றத்திலேயே செய்து முடிக்கலாம். 1988-இல் வந்த அடுத்த தலைமுறையில் முன்சக்கரங்கள் தனித்தனியே இயங்கும் டார்ஷன் பார் (முறுக்குக் கம்பி) அமைப்பு புகுந்துவிட்டதால், இங்கே சொல்லப்படும் முறை அந்த வண்டிகளுக்குப் பொருந்தாது. வண்டியை உயர்த்துவது இதில் சிறு பகுதிதான். உயர்த்தியவுடன் ஸ்டீயரிங், எஞ்சின் விசையை ஆக்சிலுக்குக் கொண்டுசெல்லும் ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட், பிரேக் குழாய் ஆகிய மூன்றின் கோணமும் நீளமும் மாறிவிடுகின்றன. அவற்றைச் சரிக்கட்டுவதில்தான் பணமும் நேரமும் செலவாகும். கிட் வாங்கும்போதே அந்த மூன்றையும் கணக்கில் வைத்து வாங்க வேண்டும்.

எவ்வளவு உயரம் தேவை என்பதை டயர்தான் முடிவு செய்ய வேண்டும். இந்த வண்டிகளில் பரவலாக இருந்த 235/75ஆர்15 டயரின் விட்டம் ஏறக்குறைய 29 அங்குலம். 33 அங்குல டயர் போட விரும்புவோருக்கு நான்கு அங்குல லிஃப்ட் பொருத்தமானது. 31 அங்குலம் போதும் என்பவர்கள் இரண்டரை அங்குலக் கிட்டோடு நிறுத்திக்கொள்ளலாம். ஆறு அங்குலத்துக்குப் போனால் ஷாஃப்ட் வேலை கட்டாயமாகிவிடும் என்பதோடு, சுமை ஏற்றுவதும் இறக்குவதும் கூட ஏணி வைத்துச் செய்யும் வேலையாகிவிடும் என்பதால், அன்றாடம் ஓடும் வண்டிக்கு நான் அதைப் பரிந்துரைப்பதில்லை. டயர் பெரிதானால் வேகமானி குறைத்துக் காட்டும் என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்: 29-இலிருந்து 33-க்கு மாறிய வண்டியில் முள் மணிக்கு 60 மைல் என்று காட்டும்போது உண்மையில் வண்டி 68 மைலில் ஓடிக்கொண்டிருக்கும். வேகமானியை இயக்கும் சிறிய பல்சக்கரத்தை மாற்றினால் இது சரியாகும். ஆக்சில் விகிதம் (சக்கரம் ஒருமுறை சுழல ஷாஃப்ட் எத்தனை முறை சுழல வேண்டும் என்பது) 3.73 அல்லது 4.10 ஆக இருந்தால் எஞ்சின் திணறாது. 3.08 விகிதம் கொண்ட வண்டிகளில் 33 அங்குல டயர் ஏற்றத்தில் மிகவும் மந்தமாக இழுக்கும். ஆக்சிலின் பல்சக்கரங்களை மாற்றும் செலவையும் சேர்த்துத்தான் அங்கே திட்டமிட வேண்டும்.

சட்டம் மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடுகிறது. சில மாநிலங்கள் பம்பர் உயரத்தை அளக்கின்றன. கலிஃபோர்னியா சேஸியின் உயரத்தை அளக்கிறது. மொத்த எடை வரம்பு 4,501 முதல் 7,500 பவுண்ட் வரை உள்ள வண்டிகளுக்கு அங்கே 30 அங்குலம் எல்லை. பெரும்பாலான கே10 வண்டிகள் இந்தப் பிரிவில்தான் வரும். பணம் கட்டுமுன் தம் மாநில விதியைப் படித்துவிடுவது நல்லது.

அடுத்து, கிட்டைத் தேடுவதற்கு முன் வண்டியின் அடியில் படுத்துப் பார்க்க வேண்டும். இந்தத் தலைமுறை நான்குசக்கர இயக்க வண்டிகளுக்கென்றே ஒரு தீராத நோய் உண்டு: ஓட்டுநர் பக்கச் சேஸியில் ஸ்டீயரிங் பாக்ஸ் பிணைக்கப்பட்டிருக்கும் இடத்தில் இரும்பு விரிசல் விடும். பெரிய டயர் போடும்போது பாக்ஸ் தள்ளும் விசை கூடுவதால் விரிசல் வேகமாக வளரும். அந்த இடத்திலுள்ள எண்ணெய்ப் பசையையும் சேற்றையும் கம்பித் தூரிகையால் தேய்த்து, பளிச்சென்று உலோகம் தெரியும்வரை சுத்தம் செய்யுங்கள். பிறகு டயர்கள் தரையில் இருக்க, எஞ்சினை ஓடவிட்டு, ஹேண்ட்பிரேக் போட்டு, ஒருவரை ஸ்டீயரிங்கை இடமும் வலமுமாக மெல்ல அசைக்கச் சொல்லி, பக்கவாட்டில் நின்று டார்ச் விளக்கடித்துப் பாருங்கள். நல்ல சேஸியில் பாக்ஸிலிருந்து வெளியே நீளும் பிட்மன் ஆர்ம் என்ற கை மட்டும் அசையும். நோயுற்ற சேஸியில் பாக்ஸும் அதைத் தாங்கும் தகடும் சேர்ந்து மூச்சு விடுவதைப்போல உள்ளே போய் வெளியே வரும். போல்ட் துளையிலிருந்து தலைமுடி அளவில் ஒரு கோடு கிளம்பியிருப்பதும் பெரும்பாலும் அப்போதுதான் கண்ணில் படும். விரிசல் இருந்தால் அதன் நுனியில் சிறு துளையிட்டு நிறுத்தி, தேர்ந்த வெல்டரிடம் பற்றவைத்து, மேலே வலுவூட்டும் தகடு போட்ட பிறகே லிஃப்ட்டைப் பற்றி யோசிக்க வேண்டும். விரிசல் இல்லாவிட்டாலும், இதற்கென்றே விற்கப்படும் ஸ்டீயரிங் பாக்ஸ் பிரேஸ் ஒன்றைப் போட்டுவிடுவது செலவுக்கு ஈடான காரியம். அதே சமயத்தில் ஸ்பிரிங்கைச் சேஸியோடு பிணைக்கும் ஹேங்கர்களைச் சுற்றித் துரு அரித்திருக்கிறதா, பந்து மூட்டுகளிலும் டை ராட் முனைகளிலும் ஆட்டம் இருக்கிறதா என்றும் பார்த்துவிடலாம். தேய்ந்த பாகங்களின் மேல் பெரிய டயரை ஏற்றினால் தேய்மானம் இன்னும் விரைவாகும்.

இனி கிட்டுக்கு வருவோம். முன்பக்கத்துக்கு நான்கு அங்குலம் வளைவு கூடிய புதிய ஸ்பிரிங் தொகுப்பு மட்டுமே சரி. முன் ஆக்சிலுக்கும் ஸ்பிரிங்குக்கும் இடையே இரும்புக் கட்டை வைத்து உயர்த்துவதை எந்த நிலையிலும் செய்யக் கூடாது. பிரேக் அழுத்தும்போது முன் ஆக்சில் முறுக்கிக்கொள்ள முனையும். கட்டை அந்த முறுக்கின் நெம்புகோலை நீட்டிவிடுவதால், ஒருநாள் அது நகர்ந்து வெளியே தள்ளப்பட்டால் வண்டியை எவராலும் கட்டுப்படுத்த முடியாது. பல மாநிலங்களில் இது சட்டப்படியும் தடை. நீளமான ஷேக்கிள் (ஸ்பிரிங்கின் ஒரு முனையைச் சேஸியோடு இணைக்கும் ஆடும் தகடு) போட்டு உயர்த்துவதும் ஏமாற்று வேலைதான்: ஷேக்கிளில் இரண்டு அங்குலம் கூட்டினால் வண்டி ஒரு அங்குலமே உயரும். இந்த வண்டியில் முன் ஸ்பிரிங்கின் ஷேக்கிள் பின்முனையில் இருப்பதால், அது நீளும்போது ஆக்சில் சுழன்று பினியனின் (ஷாஃப்ட் வந்து சேரும் ஆக்சிலின் பல்சக்கரத் தண்டு) மூக்கு கீழே குனிந்து, ஷாஃப்ட்டின் கோணம் மேலும் மோசமாகும்.

பின்பக்கத்துக்கு மூன்று வழிகள் உண்டு. மலிவான கிட்களில் கட்டையும், ஸ்பிரிங்கை ஆக்சிலோடு பிடிக்கும் நீண்ட யூ போல்ட்டும் வரும். பின் ஆக்சிலில் ஒற்றைக் கட்டை சட்டப்படியும் நடைமுறையிலும் ஏற்கப்படுவதே என்றாலும், ஏற்கெனவே தொழிற்சாலைக் கட்டை இருக்கும் வண்டியில் அதன்மேல் இன்னொன்றை அடுக்கக் கூடாது. வலுவாக முடுக்கும்போது ஸ்பிரிங் எஸ் வடிவில் வளைந்து ஆக்சில் துள்ளுவதும் கட்டையின் குறையே. இரண்டாவது வழி புதிய ஸ்பிரிங். மூன்றாவது, ஷேக்கிள் ஃப்ளிப்: பின் ஹேங்கரை மாற்றி, ஷேக்கிள் மேல்நோக்கி நிற்பதற்குப் பதிலாகக் கீழ்நோக்கித் தொங்குமாறு செய்வது. பழைய ஸ்பிரிங்கையே வைத்துக்கொண்டு ஏறக்குறைய நான்கு அங்குலம் கிடைக்கிறது, ஸ்பிரிங்கின் மென்மையும் கெடுவதில்லை, பினியனும் மேல்நோக்கித் திரும்பிக் கொடுக்கிறது. பழைய ஸ்பிரிங் தொய்ந்துபோகாமல் இருந்தால் என் தேர்வு இதுதான். ஆஃப் ரோட் டிசைன் போன்ற நிறுவனங்கள் இதைத் தனியாகவே விற்கின்றன. ஸ்கைஜாக்கர், டஃப் கன்ட்ரி, ரஃப் கன்ட்ரி ஆகியோரின் முழுக் கிட்களில் பின்பக்கத்துக்கு என்ன வருகிறது என்பது விலையைப் பொறுத்து மாறுவதால், பெட்டியில் உள்ள பாகங்களின் பட்டியலை வரி வரியாகப் படித்தே வாங்க வேண்டும்.

அந்தப் பட்டியலில் கண்டிப்பாக இருக்க வேண்டியது உயர்த்திய ஸ்டீயரிங் ஆர்ம். இந்த வண்டியில் பிட்மன் ஆர்மோடு இணைந்த டிராக் லிங்க் என்ற கம்பி சேஸிக்கு இணையாக முன்பின்னாக ஓடி, ஓட்டுநர் பக்க நக்கிளின் (சக்கரத்தைத் தாங்கித் திரும்பும் பாகம்) தலையில் உள்ள ஆர்மைத் தள்ளுகிறது. சேஸி நான்கு அங்குலம் உயர்ந்ததும் லிங்க் மிகவும் சாய்ந்துவிடும். பிறகு ஒவ்வொரு பள்ளத்திலும் சக்கரம் தானாகவே திரும்பும். ஆர்மை அதே அளவு உயர்த்தினால் லிங்க் மறுபடியும் ஏறக்குறையப் படுக்கை நிலைக்கு வந்துவிடுகிறது. கீழ்நோக்கி வளைத்த பிட்மன் ஆர்மைச் சில கிட்களில் தருவார்கள். அது ஏற்கெனவே பலவீனமான பாக்ஸ் பிணைப்பின் மேல் கூடுதல் நெம்பு விசையை ஏற்றுவதால் நான் அதை விரும்புவதில்லை. இத்துடன் நீளமான பிரேக் ஹோஸ்கள், புதிய யூ போல்ட்கள், உயரத்துக்கேற்ற ஷாக் அப்சார்பர்கள் ஆகியவையும் வேண்டும். கழற்றிய யூ போல்ட் ஒருமுறை இழுவையில் நீண்டுவிட்டது. அதை மீண்டும் பயன்படுத்தக் கூடாது.

வேலை தொடங்கும் நாளுக்குச் சில நாட்கள் முன்பே எல்லா ஸ்பிரிங் போல்ட்களுக்கும் துரு இளக்கும் எண்ணெய் விட்டு வாருங்கள். தொடங்குமுன், நான்கு சக்கரங்களிலும் மைய அச்சிலிருந்து மட்கார்டு விளிம்பு வரை அளந்து எழுதிக்கொள்ளுங்கள். கோணமானியை வைத்து டிரான்ஸ்ஃபர் கேஸின் (எஞ்சின் விசையை முன், பின் ஆக்சில்களுக்குப் பிரிக்கும் பெட்டி) வெளியச்சு, பின் ஷாஃப்ட், பினியன் ஆகிய மூன்றின் சாய்வையும் குறித்துக்கொள்ளுங்கள். இந்தக் காகிதம் இல்லாமல் பின்னால் வரும் அதிர்வுக்குக் காரணம் தேடுவது இருட்டில் தேடுவதாகும்.

பின்பக்கத்திலிருந்து தொடங்குவது எளிது. முன்சக்கரங்களுக்கு இருபுறமும் கட்டை கொடுத்து, சேஸியை ஜாக்கியால் தூக்கி, வலுவான ஸ்டாண்டுகளின்மேல் இறக்குங்கள். ஆக்சிலைத் தனியாக ஒரு தரை ஜாக்கி தாங்க வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் நுழையக் கூடாது. ஷேக்கிள் ஃப்ளிப்புக்காகக் கழற்ற வேண்டிய பின் ஹேங்கர்கள் ரிவெட் அடித்துப் பிணைக்கப்பட்டவை: தலையைக் கிரைண்டரால் தேய்த்து நீக்கி, நடுவில் துளையிட்டு, பஞ்ச் வைத்துச் சம்மட்டியால் அடித்து வெளியே தள்ள வேண்டும். பெட்ரோல் டேங்க் சேஸியின் பக்கவாட்டிலேயே இருக்கும் வண்டி இது என்பதால், தீப்பொறி அந்தப் பக்கம் பறக்காதவாறு நனைத்த கனத்த துணியால் மறைத்து, தீயணைப்பானைக் கைக்கெட்டும் தூரத்தில் வையுங்கள்.

முன்பக்கத்தில் ஒரு நேரத்தில் ஒரு பக்கத்தை மட்டும் கழற்றுங்கள். மறுபக்கம் பிணைந்திருக்கும்வரை ஆக்சில் தன் இடத்தை விட்டு உருளாது. பழைய ஸ்பிரிங் போல்ட், ஸ்பிரிங் முனையில் உள்ள ரப்பர் புஷ்ஷின் உள்குழாயோடு துருவால் ஒட்டிக்கொண்டிருந்தால், அடித்து அடித்து ஹேங்கரை வளைப்பதைவிட ரம்பத்தால் வெட்டி எடுப்பதே மேல். புதிய ஸ்பிரிங்கை ஏற்றும்போது அதன் மையப் போல்ட்டின் தலை ஆக்சில் மேடையின் குழியில் முழுவதுமாக இறங்கியிருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்க்க வேண்டும். பாதி இறங்கிய நிலையில் யூ போல்ட்டை இறுக்கினால் ஆக்சில் கோணலாக உட்காரும். யூ போல்ட்டின் நான்கு நட்களையும் எதிரெதிர் மூலைகளாகச் சிறிது சிறிதாக, டார்க் ரென்ச்சால் கிட்டின் தாளில் தந்துள்ள அளவுக்கு இறுக்குங்கள். ஆனால் ஸ்பிரிங்கின் இரு முனைகளிலும் ஷேக்கிளிலும் உள்ள போல்ட்களை இப்போது கையிறுக்கமாக மட்டுமே விட்டுவைக்க வேண்டும். வண்டி தன் முழு எடையோடு தரையில் நின்ற பிறகுதான் அவற்றை இறுக்க வேண்டும். தொங்கும் நிலையில் இறுக்கினால் ரப்பர் புஷ் எப்போதும் முறுக்கிய நிலையிலேயே இருந்து சீக்கிரம் கிழிந்துவிடும்.

பிரேக் ஹோஸை மாற்றும்போது பழைய இரும்புக் குழாயின் நட்டைச் சாதாரண ஸ்பேனரால் திருகினால் முனை மழுங்கும், அல்லது நட்டோடு சேர்ந்து குழாயும் முறுக்கி ஒடியும். குழாய் நட்டுக்கென்றே உள்ள ஃப்ளேர் ஸ்பேனரைப் பயன்படுத்துங்கள். காலிப்பரில் புதிய செம்பு வாஷர்கள் போட்டு, காற்று முழுவதும் போகும்வரை பிரேக்கை வடித்தெடுக்க வேண்டும். ஆக்சில் முழுதாகத் தொங்கும் நிலையில் ஸ்டீயரிங்கை இரு பக்கமும் கடைசிவரை திருப்பி, ஹோஸ் எங்கும் இழுபடவில்லை, டயரில் உரசவில்லை என்று உறுதி செய்யுங்கள். அதே நிலையில் முன் ஷாஃப்ட்டின் நழுவு மூட்டு இன்னும் போதிய அளவு உள்ளே இருக்கிறதா, ஆக்சிலின் காற்றுக் குழாய் எட்டுகிறதா என்பதையும் பார்த்துவிடலாம்.

பின் ஷாஃப்ட்டின் இரு முனைகளிலும் ஒற்றை யுனிவர்சல் ஜாயிண்ட் இருந்தால், பினியனின் சாய்வு டிரான்ஸ்ஃபர் கேஸ் அச்சின் சாய்வுக்கு இணையாக இருக்க வேண்டும். டிரான்ஸ்ஃபர் கேஸ் முனையில் இரட்டை ஜாயிண்ட் இருந்தால் பினியன் நேராக அதை நோக்கியிருக்க வேண்டும். வேறுபாட்டைச் சரிக்கட்ட ஆப்பு வடிவத் தகடுகள் கிடைக்கின்றன; எஃகில் செய்தவற்றையே வாங்குங்கள், மென் உலோகத்தில் வார்த்தவை நசுங்கி உடையும். முன் ஆக்சிலில் இந்த ஆப்பு பினியனோடு காஸ்டர் கோணத்தையும் (முன்சக்கரம் திரும்பும் அச்சின் முன்பின் சாய்வு) சேர்த்துத் திருப்பும் என்பதால், அங்கே அலைன்மென்ட் கடையின் அளவைப் பார்க்காமல் எதையும் செருகக் கூடாது.

தரையில் இறக்கி எல்லாவற்றையும் இறுக்கியபின், ஸ்டீயரிங் சக்கரம் கோணலாக நின்றால் டிராக் லிங்க்கின் நடுக்குழாயைத் திருகி நேராக்கலாம். முன்சக்கரங்கள் உள்நோக்கியோ வெளிநோக்கியோ நிற்கும் டோ அளவைக் கடையில் சரிசெய்து, முகப்பு விளக்குகளைக் கீழ்நோக்கித் திருப்பிவிடுங்கள். இல்லாவிட்டால் எதிரே வருபவரின் கண் கூசும். முதல் ஓட்டம் வீட்டைச் சுற்றிய தெருக்களில், மெதுவாக, பிரேக்கைப் பலமுறை சோதித்தபடி இருக்கட்டும். 50 மைல் கடந்ததும் யூ போல்ட் நட்களையும் ஸ்டீயரிங் ஆர்மின் நட்களையும் மறுபடி டார்க் ரென்ச்சால் சரிபார்த்து, 500 மைலில் இன்னொரு முறை பார்க்க வேண்டும். புதிய ஸ்பிரிங்குகள் முதல் சில வாரங்களில் சற்றுப் படிந்து இறங்குவது இயல்பு என்பதால், மட்கார்டு அளவை அந்த இரண்டாம் சோதனையின்போது எடுத்து, பழைய காகிதத்திலேயே பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.