ஐப்பசி மழைக்கு முன் ஜன்னல் கிரிலுக்கு நீங்களே பெயிண்ட் அடிக்கலாம்

ஏற்காட்டில் இரும்பைத் தின்பதில் மழையைவிட மூடுபனிக்குத்தான் பங்கு அதிகம். மழை நின்றால் கம்பி காய்ந்துவிடும். பனியோ விடிய விடிய அதன்மேல் படிந்தே கிடக்கும். எங்கள் வீட்டு ஜன்னல் கிரிலை மூன்று வருடம் கவனிக்காமல் விட்டேன். அடிக்கம்பியை ஸ்க்ரூடிரைவரால் குத்தினால் ரவா உருண்டை மாதிரி பொடிந்தது.

புரட்டாசியில் சேர்ந்தாற்போல மூன்று நாள் வெயில் கிடைத்தால் போதும், ஆரம்பித்துவிடுங்கள். சாமான்களைச் சேலத்துக்கு இறங்கும்போதே வாங்கிக்கொள்ளுங்கள். விட்டுப்போன ஒரு பிரஷ்ஷுக்காக இருபது கொண்டை ஊசி வளைவையும் மறுபடி சுற்றுவது கொடுமை. கம்பி பிரஷ், 80, 120 எண் உப்புத்தாள், ரெட் ஆக்சைடு பிரைமர், எனாமல் பெயிண்ட், டர்பன்டைன், ஓர் அங்குலம், இரண்டு அங்குல பிரஷ்கள், பழைய பனியன் துணி. நான்கு ஜன்னலுக்கு எனக்கு அரை லிட்டர் பிரைமரும் ஒரு லிட்டர் எனாமலும் பிடித்தன.

முதல் நாள் காலை முழுக்கத் துரு எடுப்பதற்கே. வேலையில் முக்கால் பங்கு இதுதான், சலிப்பானதும் இதுதான். உப்பி நிற்கும் பழைய பெயிண்டைக் கம்பி பிரஷ்ஷால் உதிர்த்துவிட்டு, 80-ஆம் எண் தாளால் தேயுங்கள். கெட்டியாக ஒட்டியிருக்கும் பெயிண்டைச் சுரண்ட வேண்டாம், பளபளப்பு போகும்வரை 120-ஆல் லேசாகத் தேய்த்தால் சரி. கம்பி சிமென்ட்டுக்குள் நுழையும் இடத்தையும் வெல்டிங் மூட்டுகளையும் விடவே கூடாது. தண்ணீர் தேங்குவது அங்கேதான். உப்புத்தாளைச் சின்னப் பட்டையாகக் கிழித்து, கம்பியைச் சுற்றிப் போட்டு, ஷூவுக்குப் பாலிஷ் போடுவதுபோல இரண்டு முனையையும் மாறி மாறி இழுத்தால் பின்பக்கமும் சுத்தமாகும்.

வீடு பழசென்றால் ஓர் எச்சரிக்கை. வீட்டுப் பெயிண்டில் ஈயம் 90 பிபிஎம்முக்கு (பத்து லட்சத்தில் 90 பங்கு) மேல் இருக்கக்கூடாது என்ற விதி 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய பெயிண்டில் ஈயம் இருக்கலாம். அதை உலர்வாகத் தேய்க்காதீர்கள். தண்ணீர்த் தாளை, அதாவது ஈரத்தில் தேய்க்கும் வகை உப்புத்தாளை, நனைத்துத் தேயுங்கள். நல்ல மாஸ்க் போட்டுக்கொள்ளுங்கள், குழந்தைகளை அண்டவிடாதீர்கள், உதிர்ந்ததை ஈரத்துணியால் கூட்டி அள்ளிவிடுங்கள்.

தூசியைத் துடைத்து, டர்பன்டைன் நனைத்த துணியால் ஒருமுறை ஒற்றிக் காயவிட்டதும், அன்று மதியமே பிரைமர். தேய்த்த இரும்பை இரவுப் பனியில் வெறுமனே விட்டால் காலையில் மறுபடி செம்மண் பூசினாற்போல இருக்கும். அந்த பிரைமருக்கு நிறம் தருவதும் இரும்பு ஆக்சைடுதான், துருவின் பங்காளி! சேலத்துக்குப் பக்கத்துக் கஞ்சமலையில் இரும்புத் தாது கிடக்கும் ஊர்க்காரர்களுக்கு இது ஒன்றும் புதிதாக இருக்காது.

இரண்டாம் நாள் எனாமல். காலை பத்து மணிக்கு முன் டப்பாவைத் திறக்காதீர்கள். கம்பியைத் தொட்டுப் பாருங்கள். ஜில்லென்று ஈரம் ஒட்டினால் இன்னும் நேரமாகவில்லை. மதியம் இரண்டுக்குள் முடித்துவிடுங்கள். நான் ஒருமுறை ஐந்து மணிவரை இழுத்தேன். விடிந்து பார்த்தால் கறுப்பு எனாமல் முழுக்கச் சாம்பல் பூத்ததுபோல மங்கிக் கிடந்தது. தேய்த்துவிட்டு மறுபடி அடித்தேன், வேறென்ன செய்ய?

பெயிண்ட் கெட்டியாக இருந்தால் டர்பன்டைன் கொஞ்சம் விடலாம். மண்ணெண்ணெய் வேண்டாம், காயாமல் பிசுபிசுக்கும். பிரஷ்ஷின் நுனி மூன்றில் ஒரு பங்கு மட்டும் நனையட்டும். முதலில் மூட்டுகள், அப்புறம் நீளக் கம்பிகள். ஒரே தடவையில் தடிமனாக அப்பினால் கண்ணீர் மாதிரி வழிந்து அப்படியே இறுகிவிடும்.

மூன்றாம் நாள், 120-ஆம் எண் பழைய தாளால் பட்டும் படாமலும் தடவி, துடைத்து, இரண்டாவது கோட். அன்று ராத்திரி ஜன்னல் கதவை இறுக்கிச் சாத்தாதீர்கள், கிரிலோடு ஒட்டிக்கொள்ளும். பனி உள்ளே வரும்தான். ஒரு ராத்திரிதானே, கம்பளியை இழுத்துப் போர்த்திக்கொள்ளுங்கள்.