வடிகட்டியில் தங்கிவிடும் ஆரஞ்சு

ஜூஸ் கடையில் "சர்க்கரை வேண்டாம்" என்று சொன்னால் கடைக்காரர் ஒரு கணம் நிமிர்ந்து பார்ப்பார். நாக்பூர் கமலா தேனாக இனிக்கும் குளிர்காலத்தில்கூட இரண்டு கரண்டி போடுவது கைப்பழக்கம். எதுவும் சேர்க்காத 200 மில்லி ஆரஞ்சுச் சாற்றிலேயே சர்க்கரை ஏறக்குறைய 17 கிராம், அதாவது நான்கு தேக்கரண்டி இருக்கிறது.

பழத்தில் இருப்பதுதானே என்று கேட்கலாம். உரித்துத் தின்றால் ஒரு பழத்தோடு போதும் என்றிருக்கும். ஒரு டம்ளருக்கோ மூன்று பழம் பிழிய வேண்டும். சக்கையோடு நார்ச்சத்தில் பெரும்பகுதி வடிகட்டியிலேயே நின்றுவிடுகிறது. உலக சுகாதார நிறுவனமும் சாற்றின் சர்க்கரையைக் குறைக்க வேண்டிய கணக்கில்தான் சேர்க்கிறது, முழுப் பழத்தினுடையதை அல்ல.

அதற்காகச் சாறு கெட்டது என்று அர்த்தமில்லை. அந்த ஒரு டம்ளரில் சுமார் 100 மில்லிகிராம் வைட்டமின் சி. அன்றைய தேவைக்கு அது தாராளம். ஃபோலேட்டும் பொட்டாசியமும் கூடவே வருகின்றன. ஆனால் நாம் குடிக்கும் நேரம்தான் கோளாறு. கீரை, கேழ்வரகு, பருப்பில் உள்ள இரும்புச்சத்தை உடல் எளிதில் ஏற்பதில்லை. வைட்டமின் சி கூட இருந்தால் நன்றாக ஏற்கும். காபியும் தேநீரும் அதைத் தடுக்கும். நாமோ டிபனோடு காபியைக் குடித்துவிட்டுச் சாற்றைப் பதினோரு மணிக்குத் தனியாகக் குடிக்கிறோம். இரண்டும் இடம் மாறி உட்கார்ந்திருக்கின்றன! இரத்தசோகை உள்ளவர்கள் இதை மட்டும் மாற்றிப் பார்க்கலாம்.

மாத்திரைக்குத் தண்ணீரே துணை. ஒவ்வாமைக்குத் தரும் ஃபெக்ஸோஃபெனடினை இந்தச் சாற்றோடு விழுங்கினால் மருந்து உடலில் சேர்வது குறையும். சாற்றில் பொட்டாசியம் இருப்பதால் சிறுநீரக நோயாளிகள் மருத்துவரைக் கேட்டே குடிக்க வேண்டும். ஒரு வயது ஆகாத குழந்தைக்குச் சாறே வேண்டாம். குடித்த கையோடு பல் துலக்குவதும் தவறு. புளிப்பில் இளகிய பற்சிப்பி தேயும்.

பாக்கெட்டில் படத்தை நம்பாமல் பின்பக்கத்துச் சிறிய எழுத்தைப் படியுங்கள். "100 சதவீதப் பழச்சாறு" என்ற வாசகத்தை நீக்கும்படி இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2024 ஜூனில் உத்தரவிட்டது சும்மா அல்ல.

நீரிழிவுக்காரர்கள் இதைத் தினசரி பானமாக்கக் கூடாது. ஆனால் மருந்தால் சர்க்கரை திடீரென இறங்கிக் கை நடுங்கும்போது, நினைவோடு விழுங்க முடிகிறவருக்கு முக்கால் டம்ளர் சாறு உடனே கைகொடுக்கும். அப்போது மட்டும் வடிகட்டியதே மேல்.