காரை மாற்றியமைக்கும் முன்: சாலைச் சோதனையில் மாட்டிவிடும் தவறுகள்

போன மாதம் ஒரு சனிக்கிழமை காலை. மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் நான் காப்புறுதியும் ரோட் டேக்ஸும் புதுப்பித்துக் கொடுக்கும் கடைக்குத் தோட்டத்துப் பையன் ஒருவன் வந்தான். சட்டைப் பையில் நாலாக மடித்த சம்மன், போக்குவரத்துக் குற்றத்துக்குக் கொடுக்கும் அபராதச் சீட்டு. "அண்ணே, பட்டறையில போட்டுக் குடுத்ததுதானே, எனக்கு எப்படி சம்மன்?" என்றான். ஈப்போ போகும் வழியில் ரோட்பிளாக்கில் நிறுத்தியிருக்கிறார்கள். கதவுக் கண்ணாடி அளவுக்கு மேல் கருப்பு.

நிறையப் பேர் மாட்டிக்கொள்வது இந்த இடத்தில்தான். கடையில் விற்கிறார்கள் என்பதால் அதைச் சாலையில் ஓட்டலாம் என்று ஆகிவிடாது. பட்டறைக்காரர் வேலையை முடித்துப் பணத்தை வாங்கிக்கொண்டார். ரோட்பிளாக்கில் நிறுத்தும்போது ஸ்டீயரிங்கைப் பிடித்திருப்பது நீங்கள்தான். 1987ஆம் ஆண்டு சாலைப் போக்குவரத்துச் சட்டமும் அதைச் சார்ந்த விதிகளும் உங்களைத்தான் கேட்கும்.

கண்ணாடி விஷயத்தில் பாதிச் செய்தியை மட்டும் கேட்டு ஏமாறுகிறவர்கள் அதிகம். 2019 மே மாதம் விதி தளர்ந்தது உண்மை. ஆனால் அந்தத் தளர்வு பின்பக்கக் கதவுக் கண்ணாடிகளுக்கும் பின்கண்ணாடிக்கும் மட்டும்தான். அவை எவ்வளவு கருப்பாகவும் இருக்கலாம். முன்கண்ணாடி 70 விழுக்காடு வெளிச்சத்தை உள்ளே விட வேண்டும், முன்பக்கக் கதவுக் கண்ணாடிகள் 50 விழுக்காடு விட வேண்டும். அதில் மாற்றமில்லை. மீறினால் முதல் முறைக்கு 2,000 வெள்ளி (ரிங்கிட்) வரை அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை.

அந்தப் பையன் விதியைத் தெரிந்துதான் வைத்திருந்தான். 60 விழுக்காடு வெளிச்சம் விடும் கருப்புப் படலம்தான் ஒட்டினேன், 50க்கு மேலேதானே இருக்கிறது என்று வாதாடினான். அவன் மறந்தது கண்ணாடியை. வெறும் கண்ணாடியே கொஞ்சம் வெளிச்சத்தைத் தடுக்கும். அது 80 விழுக்காடு விடுகிறது என்று வைத்துக்கொள்வோம். அதன் மேல் 60 விழுக்காடு படலம் ஒட்டினால், 80இல் 60 விழுக்காடு, அதாவது 48தான் மிஞ்சும். அதிகாரி கண்ணாடியில் வைக்கும் கருவி இரண்டையும் சேர்த்துத்தான் அளக்கும். ஆகவே ஒட்டும் முன் படலத்தின் எண்ணை மட்டும் கேட்காதீர்கள். ஒட்டி முடித்ததும் உங்கள் கண் முன்னாலேயே அளந்து காட்டச் சொல்லுங்கள். அளக்கும் கருவி இல்லாத கடையில் முன்பக்கக் கண்ணாடியைக் கொடுக்கவே வேண்டாம்.

எனக்கு அதைவிடக் கவலை தருவது இஞ்சின் மாற்றம். பழைய புரோட்டான் வீரா காரை வாங்கி, ஹாஃப் கட்டில் (பாதியாக வெட்டி இறக்குமதியாகும் பழைய காரில்) வந்த 1,800 சிசி இஞ்சினைப் போட்டு ஓட்டுகிறார்கள். கிராண்டில், அதாவது காரின் பதிவுச் சான்றிதழில், இன்னும் 1,500 சிசி, பழைய இஞ்சின் நம்பர். ரோட் டேக்ஸும் 90 வெள்ளியே கட்டிவருகிறார்கள், 1,800 சிசிக்கு 280 வெள்ளி ஆகும் என்பது தெரியாமலோ, தெரிந்தோ. சோதனையில் முன்மூடியைத் திறக்கச் சொன்னால், இஞ்சினில் பொறித்த நம்பரும் கிராண்டில் உள்ள நம்பரும் ஒத்துப்போகாது. அப்புறம் பேச்சு சம்மனோடு நிற்காது. திருட்டு இஞ்சினா என்ற கேள்வி வரும்.

முறைப்படி செய்ய வழி இருக்கிறது. இஞ்சின் வாங்கிய ரசீதையும் அது இறக்குமதியான சுங்கத் தாளையும் பத்திரமாக வைத்திருங்கள். சாலைப் போக்குவரத்து இலாகாவான ஜேபிஜேயின் அனுமதி வாங்கி, வாகனச் சோதனை நிலையமான புஸ்பாகோமில் சோதனை முடித்து, கிராண்டில் புது நம்பரை ஏற்றிவிடுங்கள். தவணை இன்னும் முடியவில்லை என்றால் வங்கியிடமும் சொல்ல வேண்டும். அலைச்சல்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ரசீது தராமல் "சும்மா ஓட்டு, ஒண்ணும் ஆகாது" என்று சொல்லும் ஆளிடம் இஞ்சின் வாங்குவது, அடுத்தவர் சிக்கலைக் காசு கொடுத்து வாங்குவது மாதிரி. செகண்ட் ஹேண்ட் கார் வாங்குகிறவர்களும் பணம் எண்ணிக் கொடுக்கும் முன் கிராண்டைக் கையில் வைத்துக்கொண்டு இஞ்சின் நம்பரையும் சேசிஸ் நம்பரையும் ஒவ்வொரு எழுத்தாகப் பாருங்கள். பெயர் மாற்றப் போகும்போது புஸ்பாகோமில் எப்படியும் பார்ப்பார்கள். அப்போது தெரியவந்தால் விற்றவர் போனை எடுக்க மாட்டார்.

நம்பர் பிளேட் சின்ன விஷயம், ஆனால் தூரத்திலிருந்தே தெரியும். கருப்பில் வெள்ளை எழுத்து, உயரம் 70 மில்லிமீட்டர், அகலம் 40. சாய்ந்த எழுத்து வேண்டாம். எண்களை நெருக்கிப் பெயர் மாதிரி படிக்க வைக்கவும் வேண்டாம்.

விளக்கைப் பற்றிக் கொஞ்சம் அழுத்தியே சொல்கிறேன். ஹேலோஜன் பல்புக்காகச் செய்த முகப்பு விளக்கில் அதைவிடப் பிரகாசமான எச்ஐடி பல்பைத் திணித்தால், வெளிச்சம் சாலையில் விழாமல் எதிரே வருகிறவர் கண்ணில் சிதறும். பிரதிபலிப்பான் அந்தப் பல்புக்கு வடிவமைத்தது இல்லை, அதுதான் காரணம். நம் தோட்டச் சாலைகளில் தெருவிளக்கு கிடையாது. விடியற்காலை மோட்டாரில் வேலைக்குப் போகும் நம் ஆட்களுக்குக் கண் கூசும் அந்த இரண்டு விநாடி எதுவும் தெரியாது. ஓரத்தில் பள்ளக் கால்வாய். வெளிச்சம் போதவில்லை என்றால் மங்கிப்போன விளக்குக் கண்ணாடியை மெருகேற்றி, விளக்கின் கோணத்தைச் சரிபார்த்தாலே பாதிக் குறை தீரும்.

சத்தம் போடும் புகைபோக்கிக்கும் இதே கதைதான். போலீஸ், ஜேபிஜே, சுற்றுச்சூழல் இலாகா மூன்றும் சேர்ந்து நிற்கும் சோதனைகள் உண்டு. சத்தத்தை அளக்கும் கருவியோடு வருவார்கள்.

நான் தினமும் பார்ப்பது காப்புறுதி. மாற்றங்களை நிறுவனத்திடம் சொல்லாமல் விட்டால், விபத்துக்குப் பிறகு இழப்பீட்டை மறுக்க அவர்களுக்குக் காரணம் கிடைத்துவிடும். புதுப்பிக்கும்போது "ஏதாவது மாத்தியிருக்கீங்களா?" என்று கேட்டால் தயவுசெய்து உண்மையைச் சொல்லுங்கள். சில வெள்ளி கூடுதலாகலாம், பரவாயில்லை.

சரி, நிறுத்திவிட்டார்கள். காரை ஓரம் கட்டி, இஞ்சினை அணைத்து, உள்விளக்கைப் போடுங்கள். 2023 பிப்ரவரியிலிருந்து ரோட் டேக்ஸையும் லைசென்ஸையும் மைஜேபிஜே செயலியிலேயே காட்டலாம், போனில் சார்ஜ் இருக்கட்டும். சீருடை இல்லாத போலீஸ்காரர் நிறுத்தினால் அதிகார அட்டையைக் காட்டச் சொல்லிக் கேட்பது உங்கள் உரிமை. மரியாதையாகக் கேளுங்கள். இன்ஸ்பெக்டரும் அதற்கு மேலும் உள்ளவர்களுக்கு நீல அட்டை, அதற்குக் கீழே மஞ்சள், ரிசர்வ் போலீஸ் படைக்கு வெள்ளை. சிவப்பு அட்டை என்றால் அவர் பணி இடைநீக்கத்தில் இருப்பவர், உங்களிடம் எதுவும் செய்ய அவருக்கு அதிகாரமில்லை.

கோப்பிக் காசு என்று ஐம்பது வெள்ளியை லைசென்ஸுக்குள் மடித்து நீட்டும் பழக்கத்தை மட்டும் விட்டுவிடுங்கள். லஞ்சம் கொடுப்பதும் குற்றம். 2009ஆம் ஆண்டு ஊழல் தடுப்பு ஆணையச் சட்டப்படி 20 ஆண்டு வரை சிறை, கூடவே குறைந்தது 10,000 வெள்ளி அபராதம். கண்ணாடிக்கு வந்த சம்மனோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

சம்மன் வந்தால் எந்தக் குற்றம், எந்த நாள், எந்த இடம் என்று அங்கேயே படித்துவிடுங்கள். பணம் கட்டுவதால் மாற்றம் சட்டப்படி ஆகிவிடாது. அடுத்த ரோட்பிளாக்கில் அதே கண்ணாடிக்கு இன்னொரு சம்மன் வரும். அந்தப் பையனுக்கு அதைத்தான் சொன்னேன். மாலையில் அந்தப் பக்கம் போனபோது, வீட்டு வாசலில் அக்காவின் முடி உலர்த்தியை எக்ஸ்டென்ஷன் வயரில் செருகி, முன்கதவுப் படலத்தை ஓரத்திலிருந்து மெதுவாகச் சுட வைத்து உரித்துக்கொண்டிருந்தான்.